நான் கையொப்பமிடாத காபரேற்றர்

ஓய்வுபெற்று ஒன்றரை வருடமாகிறது. போன பங்குனியில் மார்த்தின் தொலைபேசியில் அழைத்தார். கனடாவின் சென்ட் லோரன்டில் நான் இருபத்தாறு வருடம் வேலை செய்த பட்டறை இப்போது அவருடையது. புதிதாக மூன்று பேரை எடுத்திருப்பதாகச் சொன்னார்.

"மூண்டு பேருக்கும் கைவேலை நல்லா வருது, ஸ்டெலா. ஆனா ஒரு சாமானைத் திருத்திறதோ விடுறதோ எண்டு கேட்டா என்ர முகத்தைப் பாக்கினம். நீங்கள் எப்பிடி முடிவெடுத்தனீங்கள் எண்டு ஒரு பக்கம் எழுதித் தாங்கோவன்."

மார்த்தின் பேசியது பிரெஞ்சு. இதில் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பிரெஞ்சும் ஆங்கிலமும்தான் பேசினார்கள். அவர்கள் சொன்னதையும் எங்கள் வீட்டுப் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

மார்த்தின் கேட்ட ஒரு பக்கத்தை எழுதிக் கொடுத்தேன். பிறகு வாசித்துப் பார்த்தால் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் மாதிரி இருந்தது. பிழை ஒன்றுமில்லை, ஆனால் அதில் ஒரு மனிதரும் இல்லை. விட்டுப்போன மனிதர்களை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பட்டறையில் பழைய கார்களின் காபரேற்றர்களை மட்டும்தான் திருத்தினோம். பெற்றோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் உலோகப் பெட்டி அது. பெரும்பாலும் இரண்டு கைக்குள் அடங்கிவிடும். இப்போதைய கார்களில் அது கிடையாது. பழைய கார் வைத்திருப்பவர்கள் கனடா முழுவதிலுமிருந்து பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். சிலர் நேரே கொண்டுவருவார்கள்.

நான் மன்னாரிலிருந்து வந்தவள். கணவர் அன்ரன் துறைமுகத்தில் கொண்டெய்னர் லொறி ஓட்டினார். பட்டறையில் எனக்கு முதலில் கிடைத்தது கழுவும் வேலை. வந்த காபரேற்றரைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, துலக்கி, தட்டில் அடுக்கிக் கொடுக்க வேண்டும். இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். கழுவிக் கழுவியே எந்தத் துண்டு எங்கே தேயும் என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் வருடம் எனக்கென்று ஒரு மேசை தந்தார்கள்.

அப்போது முதலாளி மார்த்தினின் தகப்பன் றெஜான். ஆறடி உயரம். மண்ணிற மேலங்கி. மற்றவர்களின் மேசைக்கு வந்தால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். இன்னொருவர் பிரித்து வைத்ததைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக அப்படி. முதலில் "ஓமோ இல்லையோ?" என்று கேட்பார். பதில் வந்த பிறகுதான் "ஏன்?" என்பார். காரணத்தைச் சொல்லிக்கொண்டே முடிவைத் தேடுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது.

ஒவ்வொரு காபரேற்றரோடும் ஒரு அட்டை வரும். அதில் மூன்று பெட்டிகள்: செய்யலாம், செய்யக்கூடாது, தெரியாது. ஒன்றில் புள்ளடி போட்டுக் கீழே கையொப்பமிட வேண்டும். அந்தக் கையொப்பம் இல்லாமல் திருத்திய ஒன்றையும் உரியவரிடம் ஒப்படைக்க மாட்டோம்.

மேசை கிடைத்த முதல் குளிர்காலத்தில், பனி வழிக்கும் பழைய ட்ரக் ஒன்றின் காபரேற்றர் என்னிடம் வந்தது. உள்ளே ஒரு சிறு தகடு திறந்து மூடித்தான் எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். அந்தத் தகட்டைத் தாங்கும் கம்பி ஆடியது. விரலை வைத்ததும் தெரிந்தது. துளையைப் பெரிதாக்கி உள்ளே பித்தளை வளையம் இறக்க வேண்டும். அதற்கு அரை நாள் பிடிக்கும். புதிதாக மேசைக்கு வந்தவள் தாமதிக்கிறாள் என்று சொல்லுவார்களோ என்று பயந்தேன். கம்பியை ஆடாமல் இழுத்துப் பிடிக்கப் பலமான ஸ்பிரிங் ஒன்றைப் போட்டு, "செய்யலாம்" என்று புள்ளடி போட்டு அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் கிழமை அந்த மனிதர் வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தபோது, ஆடிய கம்பி சரிந்து தகடு திறந்தபடியே இறுகிவிட்டது. பெடலிலிருந்து காலை எடுத்தும் வேகம் குறையவில்லை. ட்ரக் அவருடைய கராஜ் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. கதவுக்குப் பின்னால் அவர் மனைவியின் கார் நின்றது. அதற்குள் யாரும் இருக்கவில்லை.

றெஜான் என்னை ஏசவில்லை. தன் காரில் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். உள்ளே வளைந்துபோன கதவுக்கு முன்னால் என்னை நிறுத்தி, அந்த மனிதரிடம், "இவதான் செய்தவ. இப்ப இவதான் திருத்தித் தருவா" என்றார். திரும்பி வரும்போதுதான் கேட்டார்.

"உன்ர விரல் என்ன சொன்னது?"

"ஆடுது எண்டு சொன்னது."

"அட்டையில அதைக் காணேல்லையே."

"நேரம் போயிடும் எண்டு பயந்தனான்."

"செய்யலாம் எண்டு போட்டது பிழை. செய்யக்கூடாது எண்டு போட்டிருந்தாலும் பிழைதான். ஸ்பிரிங் போதுமோ போதாதோ எண்டு உனக்குத் தெரிஞ்சிருக்கேல்லை. மூண்டாவது பெட்டியை நான் வடிவுக்கு வைக்கேல்லை. தெரியாது எண்டு போடு. போட்டிட்டு, தெரிஞ்சுகொள்ள என்ன செய்ய வேணும் எண்டு பக்கத்தில எழுது."

அதற்குப் பிறகு மூன்றாவது பெட்டியில் என்னளவுக்குப் புள்ளடி போட்டவர்கள் அந்தப் பட்டறையில் இல்லை. சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

றெஜான் ஓய்வுபெற்று, மார்த்தின் பொறுப்பெடுத்த பிறகு வந்ததுதான் நான் சொல்ல வந்த காபரேற்றர். சரியாகச் சொன்னால் இரண்டு. அறுபதுகளில் செய்த ஒரு இங்கிலாந்துக் காரில் சோடியாகப் பூட்டியிருந்தவை. கொண்டுவந்தவர் ஹரல்ட். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரின் கல்லூரியில் பண்ணை இயந்திரங்கள் பற்றிப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். எழுபது வயதைத் தாண்டியவர். கைகள் மெக்கானிக்கின் கைகள்தான். கூடவே மனைவி மார்கரெட்டும் வந்தார். அவர் ஒரு பாடசாலையில் இரசாயனம் கற்பித்தவர். வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

ஹரல்ட் விஷயத்தை நேரே சொன்னார்.

"காரில பெற்றோல் மணக்குது எண்டு இவ ரெண்டு வருஷமா ஏறுறதில்லை. நான் எத்தினை தரம் படுத்துக் கிடந்து பாத்திட்டன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. பழைய கார் எண்டா மணக்கும்தானே. நீங்கள் இதைப் புதுசாக்கி, உங்கட கையெழுத்தோட தந்தா பிறகு இவவுக்குச் சொல்ல ஒண்டும் இருக்காது."

மார்கரெட் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டவரின் முகம் அது.

வேலையைத் தொடங்கினேன். இரண்டையும் பிரித்துக் கழுவுவதற்கு முன்பே வெளிச்சத்தில் பார்ப்பது என் வழக்கம். கழுவினால் சாட்சி போய்விடும். முதலாவதில் சாதாரணத் தேய்மானம்தான். இரண்டாவதில், பெற்றோல் குழாய் வந்து பூட்டும் கழுத்தடியில், தேநீர் சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு மங்கல் கறை. நகத்தளவுகூட இல்லை. பெற்றோல் கசிந்து உடனுக்குடன் ஆவியானால் இப்படித்தான் நிறம் விடும். வேறு காரணங்களாலும் விடலாம்.

கழுவிய பிறகு அந்தக் கழுத்தை மண்ணெண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். துடைத்து உலர்த்தி, மேலே கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியின் தூளை மெல்லிதாகப் பூசினேன். வெடிப்பு இருந்தால் அதற்குள் போன எண்ணெய் திரும்ப வெளியே வந்து தூளை நனைக்கும். கால் மணி நேரத்தில் வெள்ளைக்குள் ஒரு கோடு தெரிந்தது. தலைமயிரளவு.

ஹரல்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் பார்த்தார்.

"இது வெடிப்பில்லை. வார்க்கிற நேரம் ரெண்டு அச்சும் சேருற இடத்தில விழுற கோடு. இதைத்தானே நான் முப்பது வருஷம் பிள்ளையளுக்குக் காட்டினனான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வார்ப்புக் கோட்டிலும் எண்ணெய் நிற்கும். அதனால் அடுத்த சோதனைக்குக் கொடுத்தேன். அதைச் செய்பவர் யோகன். சுன்னாகத்துப் பையன் என்று நாங்கள் சொன்னாலும் அப்போது அவருக்கே நாற்பத்தைந்து வயது. காபரேற்றரைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, குழாய் வழியாகக் காற்றைச் செலுத்தி இருபது நிமிடம் பார்த்தார்.

"அக்கா, ஒரு குமிழியும் வரேல்லை. நல்லாத்தான் இருக்கு."

மார்த்தின் அட்டையைக் கையில் தந்தார். "அப்ப செய்யலாம் எண்டு போடுங்கோ. சித்திரையில கண்காட்சிக்குக் கொண்டுபோக வேணுமாம்."

நான் மூன்றாவது பெட்டியில் புள்ளடி போட்டேன்.

மார்த்தினுக்கு முகம் சிவந்துவிட்டது. "சோதனை முடிஞ்சுது, ஸ்டெலா. இனி என்ன தெரியாது?"

"தெரிஞ்சுகொள்ள என்ன செய்ய வேணும் எண்டதும் எனக்கு இன்னும் தெரியாது. ஒரு பத்து நிமிஷம் தாங்கோ."

எனக்கே அது பிடிவாதமாகத்தான் பட்டது. கறை ஒன்று, கோடு ஒன்று. இரண்டுக்கும் வேறு விளக்கம் உண்டு. கோப்பி எடுப்பதற்காக வாசற்பக்கம் போனபோது மார்கரெட் தனியே இருந்தார். அவருக்கும் ஒரு கோப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதுதான் உறைத்தது: இந்தக் காரைப் பற்றி எல்லாரையும் கேட்டோம், மணக்கிறது என்று சொன்னவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"மதாம், எப்பிடியான நேரத்தில மணக்கிறது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பதிலை ஆயத்தமாக வைத்திருந்தவர் போல நிதானமாகச் சொன்னார்.

"ஓடேக்க மணக்கிறேல்லை. கராஜில நிக்கேக்கையும் இல்லை. தூரம் ஓடி, ஏத்தம் ஏறி, நிப்பாட்டினாப் பிறகு. உடனேயும் இல்லை. ஒரு பத்து நிமிஷம் செல்லும். அந்த நேரம் அவர் இறங்கிப் போய் ஆரோடையாவது கதைச்சுக்கொண்டு நிப்பார். நான்தான் காருக்குள்ள இருப்பன்."

"எவ்வளவு நேரம் மணக்கும்?"

"கால் மணித்தியாலம். அவர் திரும்பி வரேக்க போயிடும்."

கோப்பியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனேன். எஞ்சினை நிறுத்தியதும் அதைக் குளிராக்கும் காற்றும் நின்றுவிடும். அடுத்த பத்து நிமிடம் எஞ்சின் மூடிக்குக் கீழே சூடு குறையாது, ஏறும். குழாயில் அடைபட்டு நிற்கும் பெற்றோல் சூட்டில் விரிந்து, போக வழியில்லாமல் அந்தக் கழுத்தைத்தான் தள்ளும். நாங்கள் சோதித்தது குளிர்ந்த தண்ணீரில். அட்டையில் எழுதினேன்: "சூட்டில் சோதிக்க வேண்டும்."

ஹரல்டுக்கு விளக்கியபோது அவர் தலையை ஆட்டினார். "சுடுதண்ணியில வச்சா எந்த உலோகத்திலையும் குமிழி பிடிக்கும். தண்ணிக்குள்ள இருக்கிற காத்து அது. அதைக் காட்டி என்னை ஏமாத்தேலாது."

"சரி" என்றேன். "நீங்கள் பக்கத்தில நிண்டு பாருங்கோ."

தண்ணீரை முதலில் கொதிக்கவைத்தேன். கொதித்தால் உள்ளேயிருக்கும் காற்று போய்விடும். பிறகு ஆறவிட்டேன். இரண்டு காபரேற்றர்களையும் ஒரே தொட்டியில் அருகருகே வைத்து, இரண்டுக்கும் ஒரே அளவு காற்றைக் கொடுத்தேன். தண்ணீரிலே பிழை என்றால் இரண்டிலும் குமிழி வர வேண்டும். யோகன் கீழே அடுப்பைப் போட்டு, வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தார். மார்த்தினும் வந்து நின்றார். மார்கரெட் கதிரையிலிருந்து எழுந்து, கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, கணவருக்குப் பின்னால் வந்து நின்றார்.

ஐம்பது பாகையில் ஒன்றுமில்லை. அறுபதிலும் ஒன்றுமில்லை. அறுபத்தெட்டில் இரண்டாவது காபரேற்றரின் கழுத்தடியில் கடுகளவு ஒரு குமிழி ஒட்டிக்கொண்டு நின்றது. அது பருத்து, விடுபட்டு மேலே போனது. அதே இடத்தில் இன்னொன்று. எழுபத்தைந்தில் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக, வெண்கட்டித் தூளில் நான் பார்த்த அதே கோட்டின் நீளத்துக்கு வரிசையாக வந்தன. பக்கத்திலிருந்த முதலாவது காபரேற்றர் சும்மா கிடந்தது.

"கசியுது அக்கா" என்றார் யோகன், மெதுவாக.

ஹரல்ட் தொட்டிக்குமேல் குனிந்தவர் நிமிரவே இல்லை. குனிந்தபடியே சொன்னார்: "அந்த நட்டை இறுக்கினது நான்தான். குழாய் மாத்தின நேரம். கசியக் கூடாது எண்டு இன்னும் ஒரு அரைச் சுத்து இறுக்கினனான்."

மார்கரெட் கோட்டை மறுபடி போட்டுக்கொண்டார். நான் அவராக இருந்திருந்தால் நிறையச் சொல்லியிருப்பேன்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த நாள் ஹரல்ட் தனியே வந்தார். வெடித்த இடத்தைப் பசை போட்டு அடைத்துத் தரச் சொன்னார். காரோடு பிறந்த காபரேற்றர்கள், இலக்கத்துக்கு இலக்கம் பொருந்துபவை, ஒன்றை மாற்றினால் கார் அந்தக் கார் இல்லை என்றார். மார்த்தினும் அவர் பக்கம் சாய்ந்தார். இப்போது நல்ல பசைகள் வந்திருக்கின்றன, செய்து பார்த்தால் என்ன என்று கேட்டார்.

"இப்ப வாற பெற்றோல் பசையைத் திண்டுபோடும். உருக்கி ஒட்டினா அந்த இடம் கொஞ்சம் நெளியும், நெளிஞ்சா உள்ளுக்குப் பெற்றோலை அளந்து விடுற மிதவை நேரா நிக்காது. கழுத்துக்கு நேர கீழ சுடுகிற புகைக்குழாய் போகுது. நான் செய்ய மாட்டன்." அட்டையின் இரண்டாவது பெட்டியில் புள்ளடி போட்டேன்.

"என்ன நடந்தாலும் என்ர பொறுப்பு எண்டு நான் எழுதிக் கையெழுத்து வைக்கிறன்" என்றார் ஹரல்ட்.

"நீங்கள் வைப்பியள். காரில உங்களுக்குப் பக்கத்தில இருக்கிறவ வைக்கேல்லையே."

மார்த்தின் என்னை அலுவலக அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "நீங்கள் போடாட்டி நான் வேற ஆரிட்டையாவது குடுத்துக் கையெழுத்து வாங்கலாம்" என்றார்.

"வாங்கலாம். ஆனா உங்கட அப்பா வச்ச அட்டையில என்ர புள்ளடி இருக்கு. செய்யக்கூடாது. அதை அழிக்க விடமாட்டன். அதுக்கு மேல ஒருத்தர் கையெழுத்துப் போடுறதெண்டா போடட்டும்."

அப்போது என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. முதுகு வலியால் அன்ரன் வேலையை விட்டு நின்ற காலம் அது. மார்த்தின் அட்டையை எடுத்துப் பார்த்தார். பிறகு வெளியே போய், தானே ஹரல்டிடம், "நாங்கள் செய்யேல்லை, மிஸ்யூ" என்றார். ஹரல்ட் இரண்டு காபரேற்றர்களையும் பெட்டியில் போட்டுக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

நான் செய்தது சரிதானா என்று அந்தக் கிழமை முழுவதும் யோசித்தேன். இல்லை, செய்தது சரி என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. பசை போட்டுத் தர வேறொருவரைத் தேடிப் போயிருப்பாரோ என்பதுதான் உறுத்தியது. மறுத்துவிட்டால் என் கை சுத்தம். ஆனால் கசிவு அப்படியேதான் இருக்கும். இரண்டாம் கிழமை அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அது என் வேலை இல்லை. எடுத்தது மார்கரெட்.

"ஒருத்தரிட்டையும் குடுக்கேல்லை" என்றார். "மேசையில வச்சுப் பாத்துக்கொண்டு இருக்கிறார்."

"முதலாவது நல்லது எண்டு அவருக்குச் சொல்லுங்கோ, மதாம். அதை நான் செய்து தருவன். ரெண்டாவதுக்கு அதே அச்சில வார்த்த வெறும் உடல் ஒண்டு தேடச் சொல்லுங்கோ. கிடைச்சா, உள்ளுக்குள்ள இருக்கிற சாமான் எல்லாம் உங்கட பழையதையே போட்டுத் தாறன்."

தேடுகிற வேலையை மார்கரெட்டே எடுத்துக்கொண்டார். பழைய கார்ச் சங்கங்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். குளிர்காலம் முழுவதும் போய், ஒன்ராறியோவில் ஒரு பண்ணைக் கொட்டிலில் கிடந்த காரிலிருந்து ஒன்று அகப்பட்டது. கண்காட்சி தவறிவிட்டது. ஹரல்ட் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தபோது, "முதல்ல சூட்டில பாருங்கோ" என்று மட்டும் சொன்னார். எண்பது பாகை வரை பார்த்தோம். குமிழி இல்லை.

பன்னிரண்டு நாள் வேலை. கம்பித் துளைகள் நான்குக்கும் பித்தளை வளையம் இறக்கினேன். மிதவைகளின் உயரத்தை ஒன்றுபோல வைத்தேன். காரில் பூட்டிய பிறகு ஒரு இறப்பர்க் குழாயைக் காதில் வைத்து, இரண்டும் காற்றிழுக்கும் இரைச்சலைக் கேட்டுக் கேட்டு, ஒரே சத்தம் வரும்வரை திருகாணியைத் திருப்பினேன். இரண்டு அட்டையிலும் "செய்யலாம்" என்று போட்டேன். கையொப்பம் மட்டும் இடவில்லை. இன்னும் ஒரு சோதனை மிச்சமிருந்தது. அதைப் பட்டறையில் செய்ய முடியாது.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை. நகரத்தின் நடுவே இருக்கும் மலைக்கு ஏறும் சாலையில் ஹரல்ட் காரை ஓட்டினார். மார்கரெட் பக்கத்தில், நான் பின்னால். மேலே கார் நிறுத்துமிடத்தில் எஞ்சினை நிறுத்தினோம். ஹரல்ட் பழக்கத்தில் கதவைத் திறந்தார். பிறகு சாத்திவிட்டு உள்ளேயே இருந்தார்.

பத்து நிமிடம் காத்திருந்தோம். மார்கரெட் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பதினைந்து நிமிடம் ஆனது. யாரோ ஒருவர் கிட்ட வந்து காரின் வயதைக் கேட்டார். ஹரல்ட் கண்ணாடியை இறக்காமல் கையால் 'பொறுங்கள்' என்று காட்டினார். இருபத்தைந்து நிமிடம்.

"இல்லை" என்றார் மார்கரெட்.

நான் இறங்கி எஞ்சின் மூடியைத் திறந்து, வெள்ளைத் துணியால் கழுத்தடியைத் துடைத்துப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. திரும்ப ஏறி உட்கார்ந்து, மடியில் வைத்து அட்டைகள் இரண்டிலும் கையொப்பமிட்டு ஹரல்டிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இவவிட்டைக் குடுங்கோ" என்றார்.

மார்கரெட் இரண்டையும் வாசித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு இறங்கி, காரைச் சுற்றிப் போய், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார்.

"தள்ளி இருங்கோ" என்றார் கணவரிடம். "கீழ இறக்கிறது நான்."

ஹரல்ட் இருக்கையில் நகர்ந்து மற்றப் பக்கம் போனார். மார்கரெட் இருக்கையை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி, சாவியை முறுக்கினார். எஞ்சின் ஒரே தரத்தில் பிடித்துக்கொண்டது.